கிளீனர் மென்பொருளும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியும்: கைவைப்பதற்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி வந்து ஆன் செய்தால், பல நேரம் விண்டோஸோடு கூடவே, கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாகச் சொல்லும் ஒரு கிளீனர் மென்பொருளும் எழுந்து நிற்கும். ஆயிரத்துச் சொச்சம் ரெஜிஸ்ட்ரி பிழைகள் என்று சிவப்பில் ஓர் அறிவிப்பு, அதற்குக் கீழே எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்லும் பெரிய பச்சை பட்டன். கல்லூரிப் பிள்ளை முதல் சைதாப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவர் வரை எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: இதை அழுத்தலாமா?

அழுத்த வேண்டாம் என்பது என் பதில். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், நாளைக்கு வேறொரு கிளீனர் வேறொரு எண்ணைக் காட்டும்போது அதே தயக்கம் திரும்ப வரும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அழுத்தினால் உள்ளே என்னென்ன அழிகிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதலில் அதைச் சொல்கிறேன். அப்புறம் படிப்படியாகச் செய்ய வேண்டியவை.

ரெஜிஸ்ட்ரி எங்கே இருக்கிறது

விண்டோஸும் அதில் நாம் போடும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் தரவுத்தளம்தான் ரெஜிஸ்ட்ரி. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல், எந்த வகை ஃபைலை எந்த மென்பொருள் திறக்கும் என்பது போன்ற சில விவரங்களுக்கு மட்டுமே அது இருந்தது. மற்ற அமைப்புகள் ஐஎன்ஐ என்று முடியும் சிறு ஃபைல்களில் சிதறிக் கிடந்தன. விண்டோஸ் 95 முதல் ஏறக்குறைய எல்லாமே ரெஜிஸ்ட்ரிக்குள் வந்துவிட்டது.

பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ரெஜ்எடிட் (regedit) என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். இடது பக்கம் எச்கீ என்று தொடங்கும் ஐந்து தலைப்புகள் தெரியும். அவற்றுக்குள் கிளை கிளையாக கீ என்ற ஃபோல்டர்கள், ஒவ்வொரு கீக்குள்ளும் வேல்யூ என்ற பதிவுகள். வெறுமனே பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் ரெஜ்எடிட்டில் சேவ் பட்டனும் இல்லை, அன்டூவும் இல்லை. மாற்றிய நொடியே மாறிவிடும்.

இந்தக் கிளைகள் டிஸ்க்கில் சில ஃபைல்களாகத்தான் இருக்கின்றன. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக். அங்கே சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டீஃபால்ட் என்ற பெயர்களில் ஃபைல்கள் இருக்கும். பயனர் ஒவ்வொருவரின் சொந்த அமைப்புகளும் அவரவர் ஃபோல்டரில் என்டியூசர் டாட் (NTUSER.DAT) என்ற ஃபைலில் தனியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைலும் உண்டு. மே மாத மின்வெட்டில் கணினி பட்டென்று அணைந்தாலும், பாதியில் நின்ற மாற்றத்தை அடுத்த முறை விண்டோஸ் இந்த லாகைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்கிறது. விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியைத் தானே பேணிக்கொள்ள நிறைய ஏற்பாடு வைத்திருக்கிறது. கிளீனர் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கிளீனர் எப்படித் தேடுகிறது

கிளீனருக்கு நோய் கண்டறியும் அறிவு எதுவும் கிடையாது. அது ஒரு கீயைத் திறக்கும், உள்ளே இருக்கும் வேல்யூவைப் படிக்கும். அதில் ஒரு ஃபைலின் முகவரி இருந்தால், அந்த ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பட்டியலில் ஒரு வரி சேர்க்கும். அடிப்படையில் அவ்வளவுதான். பகிர்ந்து பயன்படும் டிஎல்எல் (பல மென்பொருள்கள் பொதுவாகக் கூப்பிடும் நிரல் ஃபைல்) காணவில்லை, ஆக்டிவ்எக்ஸ் பிரச்சினை, பயன்படாத ஃபைல் எக்ஸ்டென்ஷன், எழுத்துரு காணவில்லை, இன்ஸ்டாலர் குறிப்பு, பழைய மென்பொருளின் மிச்சம் என்று விதவிதமான பெயர்கள் வந்தாலும், பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது இந்த ஒரே சோதனை: எழுதியிருக்கிறது, ஆனால் ஃபைல் இல்லை.

மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டர் என்ற கருவியால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைத் திறந்து, கிளீனரின் பெயரை ஃபில்டரில் கொடுத்துவிட்டு ஸ்கேன் ஓட்டுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் திற, படி, ஃபைலைத் தேடு, நேம் நாட் ஃபவுண்ட் என்று வரிகள் மளமளவென ஓடும். பிறகு ஃபில்டரை எடுத்துவிட்டு, கிளீனரையும் மூடிவிட்டு, சும்மா இருக்கும் கணினியைப் பாருங்கள். அப்போதும் நேம் நாட் ஃபவுண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு அமைப்பு இருக்கிறதா என்று கேட்பது, இல்லை என்றால் இயல்பு நிலையை எடுத்துக்கொள்வது, இதுதான் விண்டோஸின் அன்றாட வேலைமுறை. இல்லை என்ற பதிலை விண்டோஸ் பிழையாகவே எண்ணுவதில்லை.

அதனால்தான் புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் ஸ்கேன் ஓட்டினாலும் பட்டியல் வருகிறது.

இல்லாத ஃபைலும் தேவைப்படும் பதிவும்

ஆபத்து இங்கேதான். ஃபைல் இப்போது இல்லை என்பது மட்டுமே கிளீனருக்குத் தெரியும். அந்தப் பதிவு ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியாது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள். அத்தனையையும் சி டிரைவில் காப்பி செய்யாமல், வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு ஷார்ட்கட் முறையில் இன்ஸ்டால் செய்யும் வசதி விண்டோஸில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ரெஜிஸ்ட்ரியின் ஃபான்ட்ஸ் கீயில் எழுத்துருவின் பெயரும், வெளி டிஸ்க்கின் முகவரியும் பதிவாகும். ஒரு நாள் மாலை டிஸ்க்கைக் கழற்றிய பிறகு யாரோ கிளீனரை ஓட்டுகிறார்கள். டிஸ்க் இல்லை, அதனால் ஃபைலும் இல்லை. அத்தனை எழுத்துருவும் பிழைப் பட்டியலில் ஏறும். எல்லாவற்றையும் சரிசெய் என்று அழுத்தினால் பதிவுகள் போய்விடும். மறுநாள் டிஸ்க்கைச் செருகினாலும் விண்டோஸுக்கு அந்த எழுத்துருக்கள் யாரென்றே தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் என்பதால், பழைய பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து நிற்கும். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு அழியவில்லை, அறுந்தது ரெஜிஸ்ட்ரியில் இருந்த இணைப்பு மட்டும்தான். ஆனால் முகூர்த்த நாள் நெருங்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஆடிட்டர் அலுவலகங்களில் இன்னொரு வகை. ஜிஎஸ்டிக்கும் கம்பெனி விவகாரத் துறைக்கும் டிஜிட்டல் கையெழுத்து போட யூஎஸ்பி டோக்கன் வைத்திருப்பார்கள். அதன் டிரைவரை இன்ஸ்டால் செய்யும்போது, இந்த டோக்கனோடு பேச இந்த டிஎல்எல்லைக் கூப்பிடு என்ற குறிப்பு ரெஜிஸ்ட்ரியின் கிரிப்டோகிராஃபி கீக்குள் பதிவாகும். பல நேரம் அதில் முழு முகவரி இருக்காது, டிஎல்எல்லின் பெயர் மட்டும் இருக்கும். விண்டோஸுக்கு அது போதும். எல்லாக் கிளீனருக்கும் போதும் என்று சொல்ல முடியாது.

இதில் 32 பிட், 64 பிட் குழப்பமும் சேரும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஒன்று சிஸ்டம்32 ஃபோல்டரைக் கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 என்ற வேறு ஃபோல்டரைக் கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியிலும் இதே போல் 32 பிட் மென்பொருளுக்கென்று தனிக் கிளை உண்டு. கவனமாக எழுதிய கிளீனர் இதைச் சமாளித்துக்கொள்ளும். அவசரமாக எழுதியது, சிஸ்டம்32க்குள் பத்திரமாக இருக்கும் டிஎல்எல்லைத் தவறான ஃபோல்டரில் தேடிவிட்டுக் காணவில்லை என்று சொல்லும்.

இன்ஸ்டாலர் குறிப்புகளும் அப்படித்தான். ஒரு மென்பொருளை எந்த டிவிடியிலிருந்து, எந்த நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்து போட்டோம் என்ற விவரம் அங்கே இருக்கும். டிவிடி இப்போது டிரைவில் இல்லைதான். ஆனால் அந்த மென்பொருளை ரிப்பேர் செய்யும்போதோ நீக்கும்போதோ விண்டோஸ் இன்ஸ்டாலர் தேடி வருவது அந்தக் குறிப்பைத்தான். அதை அழித்துவிட்டால் அப்டேட்டும் ஏறாமல், நீக்கவும் முடியாமல் மென்பொருள் நடுவில் மாட்டிக்கொள்ளலாம்.

வேகம் கூடுமா

கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. தேவையான கீயின் முகவரியைப் பிடித்துக்கொண்டு கிளை வழியாக நேராக அங்கே போகிறது. நங்கநல்லூரில் ஒரு வீடு பூட்டிக் கிடப்பதால் மயிலாப்பூருக்குப் போகும் தபால் தாமதமாவதில்லை. இடமும் மிச்சமாகாது. அனாதையாகக் கிடக்கும் ஒரு பதிவு சில நூறு பைட்தான் இருக்கும். ஆயிரம் பதிவை அழித்தாலும் சாதாரணமாக ஒரு எம்பிகூடத் தேறாது. அழித்த உடனே ஃபைல் சுருங்குவதும் இல்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்தோ முளைத்ததும் அல்ல. விண்டோஸ் 2000 வரை ரெஜிஸ்ட்ரி மொத்தமும் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அன்றைய குறைந்த ரேமில் பெரிய ரெஜிஸ்ட்ரி உண்மையிலேயே சுமைதான். விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய் என்ற அறிவுரை மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டும் ஒரு காலத்தில் ரெக்கிளீன் என்ற பெயரில் கிளீனர் வைத்திருந்தது. பிறகு அதைத் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. இன்றைக்கு அதன் அதிகாரபூர்வ நிலை, ரெஜிஸ்ட்ரி கிளீனர்களின் பயன்பாட்டை ஆதரிக்கவில்லை, அவற்றால் வரும் கோளாறுகள் சரியாகும் என்று உத்தரவாதம் தர முடியாது என்பதே. விண்டோஸை எழுதியவர்களே இப்படிச் சொல்லும்போது, வேறு யாரோ காட்டும் சிவப்பு எண்ணுக்கு அதைவிட அதிக மதிப்புக் கொடுக்கக் காரணமில்லை.

அந்த எண்ணை வைத்து நடந்த வியாபாரம்

அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019இல் ஆஃபீஸ் டிப்போ என்ற கடைத்தொடர் மீதும், அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காம் மீதும் நடவடிக்கை எடுத்தது. கணினி நலத்தைச் சோதிப்பதாகச் சொன்ன அவர்களுடைய மென்பொருள், தொடக்கத்தில் கேட்கும் நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று டிக் போட்டாலே மால்வேர் அறிகுறி இருப்பதாக முடிவு காட்டியது என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. மெதுவாக இருக்கிறதா என்பது போன்ற கேள்விகள்தான். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு ரிப்பேர் மென்பொருள் நிறுவனங்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலருக்கு உடன்பட்டன.

நேர்மையான நிறுவனத்தின் கிளீனராக இருந்தாலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. எச்கீ லோக்கல் மெஷின் கிளையில் மாற்றம் செய்ய அட்மின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு வரும் பெட்டியில் யெஸ் பட்டனை அழுத்தும்போது கணினியின் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். 2017 ஆகஸ்டில் சிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33 பதிப்புக்குள், அதன் அதிகாரபூர்வ டவுன்லோடிலேயே, வெளியாட்கள் தீங்கு நிரலை நுழைத்துவிட்டார்கள். செப்டம்பரில் அது வெளியே தெரிவதற்குள் சுமார் 22.7 லட்சம் பேரிடம் அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. தேவையில்லாத மென்பொருளுக்கு அட்மின் அனுமதி கொடுக்காமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

இனி செய்ய வேண்டியவை.

படி 1: மெதுவாக இருப்பதற்கு உண்மைக் காரணத்தைத் தேடுங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் சில நிமிடம் பாருங்கள்.

டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நின்றால், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றுவதற்கு இணையான மருந்து வேறு இல்லை. மெமரி எப்போதும் முட்டிக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை. இரண்டுமே சரியாக இருந்து மதிய வேளையில் மட்டும் திணறினால் சூட்டைச் சந்தேகியுங்கள். சென்னை வெயிலில், ஃபேனில் தூசி அடைத்த லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத் திறந்து தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்தக் கிளீனராலும் தர முடியாது.

அப்புறம் ஸ்டார்ட்அப் பக்கம். ஆன் செய்ததும் தானாக எழும் மென்பொருள்கள் அங்கே இருக்கும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசேபிள் கொடுத்தால் விண்டோஸ் அந்தப் பதிவை அழிப்பதில்லை. ஸ்டார்ட்அப் அப்ரூவ்ட் என்ற வேறொரு கீயில், இதை ஓட்டாதே என்று குறித்து வைக்கிறது. மனம் மாறினால் எனேபிள் கொடுத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் கருவியிலும் இதே முறைதான். டிக்கை எடுத்தால் பதிவு தனி இடத்துக்கு நகரும், திரும்ப வைத்தால் பழைய இடத்துக்கு வரும். ஃபைல் இல்லாத பதிவுகளை மஞ்சளில் காட்டும், தானாக எதையும் அழிக்காது. பழைய மென்பொருள்களின் மிச்சம் உங்களை உறுத்துகிறது என்றால் நான் கைகாட்டுவது இந்தக் கருவியைத்தான்.

இடம் போதவில்லை என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதி இருக்கிறது. தற்காலிக ஃபைல்கள், ரீசைக்கிள் பின், பழைய அப்டேட் மிச்சங்கள் எல்லாம் அதிலேயே போய்விடும்.

விண்டோஸ் ஃபைல்களே கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் (sfc /scannow) என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். அது சிஸ்டம் ஃபைல்களை அசல் பிரதியோடு ஒப்பிட்டு, கெட்டதை மாற்றும். இது ஊகத்தில் நடக்கும் வேலை அல்ல.

பெரும்பாலானோருக்கு வேலை இந்தப் படியோடு முடிந்துவிடும். இதற்கு மேலும் கிளீனரை ஓட்டத்தான் வேண்டும் என்றால், அல்லது அலுவலகத்தில் யாராவது ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், தொடருங்கள்.

படி 2: திரும்பி வர வழி வையுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட் என்று தேடித் திறங்கள். சி டிரைவுக்கு நேரே புரொடெக்‌ஷன் ஆஃப் என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கான்ஃபிகர் பட்டனில் அதை ஆன் செய்து, கொஞ்சம் இடம் ஒதுக்கி, கிரியேட் கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். பின்னால் ஏதாவது கெட்டால் கணினியின் அமைப்புகளை இந்தப் புள்ளிக்குத் திருப்பலாம்.

கிளீனரே ரிஸ்டோர் பாயிண்ட் எடுத்துக்கொள்கிறது என்று விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 8 முதல், கடந்த 24 மணி நேரத்தில் ஏற்கெனவே ஒரு ரிஸ்டோர் பாயிண்ட் எடுத்திருந்தால், இன்னொரு மென்பொருள் கேட்கும் புதியதை விண்டோஸ் எடுக்காமல் தாண்டிவிடும். அது இயல்பான அமைப்பு. நீங்களே கையால் எடுப்பதுதான் நிச்சயம்.

அடுத்து ரெஜ்எடிட்டைத் திறந்து, மாற்றம் நடக்கப்போகும் கீயின் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். ரெக் என்று முடியும் ஒரு ஃபைல் கிடைக்கும். பிறகு அதை டபுள் கிளிக் செய்தால் அழிந்த பதிவுகள் திரும்ப வரும். இதற்கு ஓர் எல்லை உண்டு. பழையவற்றைத் திரும்பச் சேர்க்கும், இடையில் புதிதாக வந்தவற்றை எடுக்காது, கீயின் அனுமதி அமைப்புகளையும் மீட்காது. அதனால் ரிஸ்டோர் பாயிண்ட்டுக்கு அது மாற்று அல்ல.

முன்பு கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ரெக்பேக் என்ற இடத்தில் விண்டோஸே அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வைக்கும். பழைய குறிப்புகளில் அதை நம்பச் சொல்லியிருப்பார்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வழக்கம் நின்றுவிட்டது. இப்போது அங்கே இருக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியம் கேபிதான்.

லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயை இப்போதே எடுத்து எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் கிடைக்கும். கணினி ஏறாமல் நிற்கும் நேரத்தில் அந்த 48 இலக்கம் இல்லாவிட்டால் மற்ற முன்னேற்பாடுகளால் பயனில்லை.

படி 3: பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்

ஸ்கேன் மட்டும் ஓட்டுங்கள். பட்டியல் வந்ததும் முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகள்: இந்த முகவரி எந்த டிரைவைக் காட்டுகிறது? இது எந்த மென்பொருளுடையது?

சி டிரைவைத் தவிர வேறு எழுத்து இருந்தால் தொடாதீர்கள். அது பென் டிரைவாக, வெளி டிஸ்க்காக, அலுவலகத்தின் நெட்வொர்க் ஃபோல்டராக இருக்கலாம். மென்பொருளின் பெயர் உங்களுக்குத் தெரிந்து, அதை நீங்களே எப்போதோ நீக்கிவிட்டீர்கள் என்ற உறுதி இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பெயரே புரியவில்லை, சுருள் அடைப்புக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாக இருக்கிறது என்றால் அது கிளாஸ் ஐடி. மென்பொருள்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் அடையாளம். அதை விட்டுவிடுங்கள்.

பகிர்ந்து பயன்படும் டிஎல்எல், ஆக்டிவ்எக்ஸ், டைப் லைப்ரரி, இன்ஸ்டாலர், எழுத்துரு, விண்டோஸ் சர்வீஸ் ஆகிய வகைகளை நான் முழுவதுமாக ஒதுக்கிவிடுவேன். அவற்றில் கிடைக்கும் லாபம் பூஜ்ஜியம், கெட்டால் கண்டுபிடிப்பது கடினம். நீக்கிய மென்பொருளின் ஸ்டார்ட்அப் பதிவு, அதன் பெயரிலேயே இருக்கும் தனிக் கீ, பயன்படாத எக்ஸ்டென்ஷன் ஆகியவை பொதுவாகத் தொல்லை தராதவை. அண்மையில் திறந்த ஃபைல்களின் பட்டியலை அழிப்பது வேறு விஷயம். இன்டர்நெட் மையத்திலோ பலர் கைபடும் அலுவலகக் கணினியிலோ அந்தரங்கத்துக்காக அதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 4: கொஞ்சமாக அழித்து, சோதியுங்கள்

ஒரு தடவைக்கு ஒரு வகை மட்டும். கிளீனர் பேக்கப் எடுக்கவா என்று கேட்டால் ஆம் சொல்லி, அந்த ஃபைலை டாகுமென்ட்ஸில் தேதியோடு வையுங்கள். பிறகு ரீஸ்டார்ட். ரெஜிஸ்ட்ரி மாற்றத்தின் விளைவு பல நேரம் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வெளியே தெரியும்.

மேலே வந்ததும் டெஸ்க்டாப் தெரிகிறதே என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அன்றாடம் தேவைப்படும் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிரின்டரில் ஒரு பக்கம் அடியுங்கள். ஸ்கேனர் பேசுகிறதா பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, பாஸ்வேர்டு கேட்கிறதா பாருங்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு மாறி இரண்டு வரி அடியுங்கள். பழைய எழுத்துருவில் செய்த ஒரு டிசைனைத் திறங்கள். கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பிப் பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் பயன்படும் வேலைகள்தான் சோதனையில் விட்டுப்போகும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளன்று அது வெளியே வரும். அதனால் பேக்கப் ஃபைலை ஒரு மாதத்துக்காவது அழிக்காமல் வைத்திருங்கள். கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

படி 5: கெட்டுவிட்டால்

விண்டோஸ் ஏறுகிறது, ஏதோ ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கிளீனர் எடுத்த ரெக் ஃபைலை டபுள் கிளிக் செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் ரிஸ்டோர் பாயிண்ட்டுக்குப் போங்கள். அதற்கும் முன்னால் இன்னொரு கிளீனரை இறக்கி ஓட்டாதீர்கள். முதல் கிளீனர் அறுத்த இணைப்புகளின் மிச்சத்தை இரண்டாவது புதுப் பிழையாகக் காட்டும். சேதம்தான் கூடும்.

விண்டோஸே ஏறவில்லை என்றால் ரெக்கவரி சூழலுக்குப் போக வேண்டும். லாகின் திரை வரை வந்தால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவும் வராவிட்டால், ஏறும் முயற்சி அடுத்தடுத்துத் தோற்றதும் விண்டோஸ் தானே ஆட்டோமேட்டிக் ரிப்பேருக்குப் போகும். டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரிஸ்டோர் என்று போய் உங்கள் பெயர் வைத்த புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். சொந்த டாகுமென்ட்டுகள் அப்படியே இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருள்களும் டிரைவர்களும் மட்டும் போய்விடும். ரிஸ்டோர் பாயிண்ட்டே இல்லையென்றால் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. ஃபைல்களை வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்த ஃபைல்கள் தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

படி 6: கிளீனரை நீக்குங்கள்

கிளீனரும் ஒரு மென்பொருள்தான். அதுவும் ரெஜிஸ்ட்ரியில் தன் பதிவுகளை எழுதும். ஸ்டார்ட்அப்பில் ஒன்று, ரைட் கிளிக் மெனுவில் ஒன்று, சில நேரம் ஒரு சர்வீஸும் டாஸ்க் ஷெட்யூலரில் சில வேலைகளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட்அப் பக்கத்தையும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். மிச்சம் இருந்தால் அங்கேயே டிசேபிள் செய்தால் போதும்.

பணம் கட்டி வாங்கியிருந்தால் ஆட்டோ ரினியூவல் ஓடுகிறதா என்று கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, இருந்தால் நிறுத்துங்கள். கிளீனரின் அறிவிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, எதிர்முனையில் இருந்தவர் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி உங்கள் திரைக்குள் வந்திருந்தால் அது வேறு பிரச்சினை. முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இன்னொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது. பரிமாற்ற எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து இமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்தக் கணினியை, டாகுமென்ட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகே வங்கி வேலைக்குப் பயன்படுத்துங்கள்.